இடப்பக்கம் மேலே

கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தோனிமுத்து தன் மனைவி மேரிகிறேஸிடம் ஒளித்த எந்த விஷயமும் ஒரு பொழுதைத் தாண்டியதில்லை. சிகரெட்டை ஒளித்தார், மணத்தில் பிடித்தாள். லட்டுப் பெட்டியைக் காருக்குள் ஒளித்தார், மீசையில் பிடித்தாள். பிறஷர் குளிசையை விழுங்காமல் பூச்சாடிக்குள் போட்டுவந்தார். ஒருநாள் பூச்சாடியைத் தூக்கிவந்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அப்படிப்பட்ட மனுஷன், ஊரில் யுத்தம் முடிந்த அந்த 2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத்துக் கடையொன்றின் கார்த் தரிப்பிடத்தில் நின்றபடி, ஒரு சாவையே மனைவியிடமிருந்து ஒளிப்பதென்று முடிவெடுத்தார்.

செத்தது சூசைதாசன். மேரிகிறேஸின் ஒரே அண்ணன். அந்தோனிமுத்துவுக்கோ மச்சான் ஆவதற்கு முதலே கூட்டாளி. மன்னாரில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். டென்மார்க்குக்கு வந்துவிட்ட அந்தோனிமுத்துவுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்துக் கப்பலேற்றாத குறையாக அனுப்பிவைத்ததும் அவன்தான். வன்னியில் அகப்பட்டவனைப் பற்றி மாதக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. அன்றைக்கு, தளபாடத் தொழிற்சாலையில் கூட வேலைசெய்யும் சிவபாலன் அவரைக் கூப்பிட்டு, காருக்குப் பக்கத்தில் ஒதுக்கிவைத்துச் சொன்னான்.

“அண்ணை, முகாமிலை இருந்து கதைச்சவை. கடைசிக் கிழமையிலை செல் விழுந்து பட்டதாம். தங்கடை கையாலை கிடங்கு வெட்டித் தாட்டவையாம்.”

“ஆர் சொன்னது? பேர் மாறியிருக்கும், தம்பி.”

“மாறேல்லை அண்ணை. கழுத்திலை கிடந்த அந்தோனியார் பதக்கத்தையும் சொல்லுகினம்.”

அந்தோனிமுத்து கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். சிவபாலன் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

“அக்காவுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. நீங்கள்தான் அவவைப் பார்த்துக்கொள்ளவேணும். நீங்கள் உடைஞ்சால் அந்த மனுசி என்ன செய்யும்?”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை நிமிர்த்தியது. ஓம், அவள் தாங்கமாட்டாள். பக்கத்து ஊர் ஹேர்னிங்கில் வருகிற ஞாயிறு தமிழ்ப் பூசை. சுவாமியார் வந்து பக்குவமாகச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒரு ஈ கூட அந்தச் செய்தியோடு வீட்டுக்குள் நுழையக்கூடாது. காரை எடுக்கும்போது கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ரெலிபோன் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கொம்பனிக்காரர் தெருவில் ஏதோ திருத்துகிறார்கள் என்றார். கழற்றிய வயர் பாம்பாட்டம் நடுவீட்டில் கிடந்தது. மேரிகிறேஸ் அதைத் தாண்டிக் குசினிக்குப் போனாள். தமிழ்த் தொலைக்காட்சிக்குக் காற்றில் டிஷ் திரும்பிவிட்டது என்றார். அன்றைக்கு இலை அசையவில்லை. அதற்கும் “ஓமோ?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அவர் தோட்டத்து மூலையில் நின்று, தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் கைத்தொலைபேசியில் கதைத்தார். கிறேஸுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, கிறேஸுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. எல்லாரும் மறுபேச்சில்லாமல் ஓமென்றார்கள். ஒரு சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவுசெய்ய இத்தனை வருஷமாக ஒத்துப்போகாத சனம், அந்தோனிமுத்துவின் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டது. தனக்கு இவ்வளவு மரியாதை இருப்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் வீட்டுக்குள்ளே ஒரு சிக்கல் இருந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டியிருந்தது. அவளோ தைத்துக்கொண்டிருந்தாள்.

மேரிகிறேஸ் உடுப்புக் கொம்பனியொன்றில் மாதிரி உடுப்பு தைக்கிறவள். இக்காஸ்ட்டின் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தூரதேசம் போன பிறகும் மாதிரித் தையல் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே அவளோடு வேலைசெய்கிற சீனத்தி ஷூஃபெனின் மகள், ஓகூஸ் நகரத்தில் படிக்கிறவள், வளர்ந்த பெண்ணாகிக் கொண்டை ஊசி குத்துகிற சடங்கைப் பழைய முறையில் பழைய உடுப்போடுதான் செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சீனாவில் இப்போது இளம் பெடியள் பெட்டையள் படங்களையும் ஓவியங்களையும் பார்த்துத் தாங்களே தைத்து உடுத்திக்கொண்டு தெருவில் போகிறார்களாம். ஷூஃபெனுக்கு அது நாடகக்காரர் உடுப்பு. மகளுக்கு அது மூதாதையர் உடுப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் துணியைக் கையில் எடுத்தவள் மேரிகிறேஸ்.

“இஞ்சேருங்கோ, வந்து இதைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ.”

“நானோ?”

“அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை, வரேலாது. உங்கடை உயரம்தான் அவளும்.”

“எனக்கு மீசை இருக்கு, கிறேஸ்.”

“மீசைக்கு நான் தைக்கேல்லை.”

அவளைத் தையலிலேயே பிடித்து வைத்திருந்தால் செய்தி காதில் விழாது என்று அந்தோனிமுத்துவின் மூளை வேலைசெய்தது. நல்ல திட்டம். வெளிறிய பச்சைப் பட்டில், கீழே மடிப்புப் பாவாடை, மேலே முழங்கால் தொடுகிற அகலக்கைச் சட்டை. போட்டுக்கொண்டு நின்றார்.

“இது யப்பான்காரற்றை கிமோனாதானே?”

“ஷூஃபெனுக்கு முன்னாலை அப்பிடிச் சொல்லிப்போடாதேங்கோ. தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போயிடுவா. இதுக்குப் பேர் ஹன்ஃபு. கையை விரியுங்கோ.”

விரித்தார். இந்த உடுப்புக்குத் தோள் அளவு கிடையாதாம். ஒரு கை மணிக்கட்டிலிருந்து மற்றக் கை மணிக்கட்டு வரைக்கும் விரித்துப் பிடித்துத்தான் அளக்கவேண்டும். கர்த்தரைச் சிலுவையில் கண்ட மாதிரி நடு அறையில் நின்றார். பொத்தானே இல்லை. மார்பில் ஒரு பக்கத்தின் மேல் மறுபக்கத்தைப் போட்டு, விலாவில் நாடாவால் முடியவேண்டும். அதையெல்லாம் அவளே செய்தாள், அவர் நின்றதோடு சரி.

“ஆர் இதையெல்லாம் போடாமல் விட்டது?” என்று கேட்டார், கதை போகட்டும் என்பதற்காக.

“முந்நூறு வருஷத்துக்கு முந்தி யுத்தத்திலை தோத்தவையாம். வெண்டவை வந்து உடுப்பை மாத்தச் சொன்னவையாம்.” மேரிகிறேஸ் வாயில் குண்டூசியோடு சொன்னாள். “இப்பதான் பேரப்பிள்ளையளின்ரை பேரப்பிள்ளையள் திரும்பத் தைக்குதுகள்.”

அந்தோனிமுத்துவுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. கண் கலங்கியது. உடனே விலாவில் சுரீரென்று ஊசி ஏறியது.

“ஐயோ!”

“ஆடாதேங்கோ எண்டனான்.”

அந்தக் கிழமை முழுக்க இதேதான். அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழலாமென்று உட்கார்ந்தால், “இஞ்சை வாங்கோ, கை நீளம் சரியோ பார்ப்பம்” என்பாள். தோட்டத்துப் பக்கம் போனால் பாவாடை மடிப்பு. படுக்கைக்குப் போனால் கழுத்துப் பட்டி. அளவெடுத்து முடித்ததும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி மெஷினை ஓட்டுவாள். அது நெடுநேரம் கடகடவென்று ஓடும். பாவி, ஒன்றும் அறியாமல் ஊரான் பிள்ளைக்குப் பட்டுத் தைக்கிறாளே என்று வெளியே இருந்து நெஞ்சில் கைவைத்துக்கொள்வார். ஒரு பக்கம் இரக்கம். மறுபக்கம், சொல்லக்கூடாதுதான், கொஞ்சம் பெருமை. இந்த வீட்டில் அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இத்தனை நாள் உயிரோடு இருந்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஷூஃபென் உடுப்பைப் பார்க்க வந்தாள். சின்ன உருவம், பெரிய கைப்பை, மகளின் பிடிவாதத்தில் இன்னும் கோபம். மேரிகிறேஸ் குசினியில் தேத்தண்ணி போட்டபடி, “இஞ்சேருங்கோ, போட்டுக்கொண்டு வந்து காட்டுங்கோ” என்று குரல் கொடுத்தாள்.

இந்த முறை கட்டிவிட ஆளில்லை. அந்தோனிமுத்து சின்ன அறைக்குள் போனார். சுவரில் ஒரு பெண் அதே மாதிரிச் சட்டையோடு நிற்கிற படம் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தார், தன்னைப் பார்த்தார். படத்தில் எந்தக் கைப்பக்கம் மேலே தெரிந்ததோ, தன்னுடைய அந்தக் கைப்பக்கத்தை இழுத்து மேலே போட்டு முடிந்துகொண்டார். படத்துக்காரி தனக்கு எதிரே நிற்கிறாள், அவளுடைய இடம் தன்னுடைய வலமாய்த் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. அகலக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நடு அறைக்குள் வந்து நின்றார்.

ஷூஃபென் எழும்பினாள். முகம் வெளுத்துப் போயிற்று. கையை ஆட்டி ஆட்டி டெனிஷில் சொன்னாள்.

“வேண்டாம், வேண்டாம்! கழற்றுங்கள்! இடப்பக்கம்தான் மேலே வரவேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது செத்தவர்களுக்கு. இந்த வீட்டில் யாராவது செத்துவிட்டார்களா?”

தேத்தண்ணித் தட்டோடு மேரிகிறேஸ் வாசலில் நின்றாள்.

“ஒருத்தரும் சாகேல்லை!” என்று அந்தோனிமுத்து தமிழில் கத்தினார். கத்தியது காணாதென்று கைகளை விரித்து மனைவி பக்கம் திரும்பினார். “ஒருத்தரும் சாகேல்லை, கிறேஸ்! சூசைக்கு ஒண்டுமில்லை!”

அந்தப் பெயரைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை. சொன்ன பிறகுதான் அவருக்கே அது விளங்கியது.

ஷூஃபெனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவள் முட்டாளில்லை. கைப்பையை எடுத்தாள். மேரிகிறேஸின் தோளை ஒருமுறை அழுத்தினாள், பிறகு வருகிறேன் என்றாள், கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.

மேரிகிறேஸ் தட்டை மேசையில் வைத்தாள். அவருக்கு முன்னால் வந்து விலா நாடாவை அவிழ்த்து, வலப்பக்கத்தை உள்ளே தள்ளி, இடப்பக்கத்தை மேலே போட்டு, மறுபடி முடிந்துவிட்டாள்.

“எனக்குத் தெரியுமப்பா.”

“என்ன தெரியும்?”

“எல்லாம். எங்கடை ஊர்த் தங்கமலர் அக்கா எனக்கு வேலையிடத்திலை போன் பண்ணிச் சொன்னவ. நீங்கள் கேள்விப்படமுதலே.”

“அப்ப சிவபாலன்...?”

“நான்தான் அவனை உங்களுக்குச் சொல்லச் சொன்னனான். என்ரை வாயாலை எனக்குச் சொல்ல ஏலாமல் கிடந்தது.”

அந்தோனிமுத்து சுவரைப் பார்த்தார். “உனக்குச் சொல்லவேண்டாமெண்டு அவன்...”

“அதையும் நான்தான் சொல்லிக்குடுத்தனான். உங்களுக்குக் காவல் நிக்க ஒரு வேலை இருந்தால் நீங்கள் விழமாட்டியள். உங்கடை பிறஷருக்கு வேறை மருந்து எனக்குத் தெரியேல்லை.”

“ஊர் முழுக்கப் போன் பண்ணினேனே, கிறேஸ்! எல்லாரும் ஓமெண்டவையே!”

“உங்களுக்கு முதலே எனக்கு ஓமெண்டுபோட்டினம்.”

கோபப்படவேண்டும் என்று தோன்றியது. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

“நாளையான் பூசையும் அண்ணைக்குத்தான்” என்றாள். “சுவாமியாருக்கு நான் சொல்லிப்போட்டன்.”

“அப்ப ஏன் என்னை இப்பிடிக் கிழமை முழுக்க நிக்கவைச்சு ஊசி குத்தினனீ?”

மேரிகிறேஸின் குரல் முதல்தடவையாக உடைந்தது.

“நீங்கள் அழத் தொடங்கினால் நான் உங்களைத்தானே பார்க்கவேணும். தண்ணி தரவேணும், குளிசை தரவேணும், முதுகு தடவவேணும். அவன் என்ரை அண்ணை. எனக்கெண்டு அழ ஒரு கிழமை வேணுமெண்டு இருந்தது. கதவைச் சாத்திப்போட்டு, மெஷினைச் சும்மா ஓடவிட்டிட்டு அழுதன். இப்ப என்ரை பங்கு முடிஞ்சுது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “முடிஞ்சுதெண்டில்லை. இனி உங்களைப் பார்க்கலாம்.”

அந்தோனிமுத்துவுக்கு அப்போதுதான் சூசைதாசன் உண்மையாகவே செத்தான். வாங்கில் பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்துச் சிரித்த முகம் வந்தது. மீசை துடித்தது, தோள் குலுங்கியது. அகலமான பட்டுக் கை இரண்டையும் முகத்துக்குக் கொண்டுபோனார்.

மேரிகிறேஸ் எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பொறுங்கோ, பொறுங்கோ. பட்டிலை கண்ணீர் பட்டால் கறை போகாது. நாளண்டைக்குக் குடுக்கவேணும்.”

அந்தோனிமுத்து சட்டையைக் கழற்றி, மடித்து, மனைவியின் கையில் கொடுத்துவிட்டுத்தான் அழுதார்.