எங்க வீட்டுல இதைவிடப் பெருசு

இந்த இனத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஓர் ஆட்டுக்கல்லுக்கு முன்னால்.

உடுப்பிக்கு வடக்கே, ஆற்றோரமாக ஒரு பழமனை வளாகம். சுற்றுவட்டாரத்தில் இடிபட இருந்த பழைய வீடுகளை உத்திரம் உத்திரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, லாரியில் ஏற்றிவந்து, மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதில் கெம்பாரு ஜமீன் பெருமனையின் அடுக்களையில் நின்றிருந்தார் அந்த மனிதர். ஆட்டுக்கல்லை அவர் பார்க்கவில்லை. அதைவிட ஓரடி அகலமாகத் தன் இரண்டு கைகளையும் விரித்து, யாரென்றே தெரியாத என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுல இருந்தது இவ்வளவு."

எங்கே அது இப்போது என்று கேட்டேன்.

"எடைக்குப் போட்டுட்டோம் மாரே. அப்ப யாருக்கு அருமை தெரிஞ்சது?"

கல்லை எந்தக் கடைக்காரர் எடைக்கு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஏனென்றால் அதற்குள் அவர் தூணுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு இந்த இனத்துக்கு எங்கவீட்டார் என்று பெயர் வைத்தேன். அடையாளம் காண்பது எளிது. 'தொடாதீர்கள்' என்று பலகை எங்கே இருக்கிறதோ அங்கே அவர் கை இருக்கும். தூணை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், டாக்டர் நெஞ்சைத் தட்டுவதுபோல. பலா மரம்தான் என்று ஒத்துக்கொள்வார், ஆனால் பிஞ்சு மரம் என்பார். நெல்பெட்டியைச் சுற்றிவந்து இதில் எத்தனை மூட்டை கொள்ளும் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அதை இரண்டால் பெருக்கிவிடுவார். பல்லக்கைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் தயங்கி, "எங்களுக்கு இருந்துச்சு, ஆனா நாங்க ஏறுறதில்ல" என்பார். ஏறமாட்டார்களாம். அவ்வளவு எளிமை.

வளாகத்தில் வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவள் ஹரிணாட்சி. சரித்திரத்தில் எம்.ஏ. ஆறு வருடமாக இந்த இனத்தோடு புழங்குகிறாள். ஒருநாள் அவள் சொன்னாள்: "இங்க வர்றவங்க எல்லாருக்கும் பெருமனைதான் இருந்திருக்கு. அப்ப இந்த ஜில்லாவுல மனுசங்களைவிடப் பெருமனை ஜாஸ்தி. சரி, நாத்து நட்டது யாரு?"

நல்ல கேள்விதான். வளாகத்தில் நாலு வீடுகள். பெருமனை, புரோகிதர் வீடு, ஓட்டுத் தொழிற்சாலை குமாஸ்தாவின் வீடு, கடைசியாக மூலையில், தென்னையோலை வேய்ந்த, இரண்டே அறைகள் கொண்ட குத்தகைக்காரர் வீடு. அதன் முன்னால் நின்று "எங்க வீடு" என்று சொன்ன ஒரு ஜீவனை ஆறு வருடத்தில் ஹரிணாட்சி பார்த்ததில்லை. அந்த வீட்டுக்கு நேர் எதிரே கேண்டீன் இருக்கிறது என்பதும் ஒரு காரணம். கோளிபஜே என்கிற மைதா போண்டா பொரியும் வாசனையை மீறி வறுமையைப் பார்க்க யாரால் முடியும்?

சரி, இனத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தால் போதாது. ஒரு முழு உருப்படியைக் காட்டுகிறேன்.

தாராநாத் ஷெட்டி. மும்பையில் மூன்று ஓட்டல்கள். பதினான்கு வயதில் பஸ்ஸேறி, கேண்டீனில் தட்டுக் கழுவி, இரவுப் பள்ளியில் படித்து, சொந்தக் காலில் நின்றவர். இதில் எதையும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மரியாதை கூடுகிற விஷயங்களை எல்லாம் மறைத்துவிட்டு, சொன்னால் மாட்டிக்கொள்கிற விஷயங்களை மட்டும் சொல்வது இந்த இனத்தின் விசேஷம்.

அவருக்கு ஒரே மகள், சமிதா. அவள் நாலு வருடமாக நிகில் என்ற பையனோடு பழகி, இவன்தான் என்று வீட்டில் சொன்னாள். பையனுக்கு அப்பா இல்லை. அம்மா குலாபி, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்தம் பேச அவர் போன் செய்தார். துளு நாட்டில் சம்பந்தம் என்றால் முதலில் சம்பளம் கேட்க மாட்டார்கள். மூலவீடு எது என்றுதான் கேட்பார்கள். குடும்பம் எந்த வீட்டிலிருந்து கிளம்பியது என்று. குலாபியும் கேட்டார்.

தாராநாத் வாய் தானாகத் திறந்தது. "கெம்பாரு பெருமனை, அக்கா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்ப மியூசியத்துக்குக் கொடுத்துட்டோம்."

கொடுத்துட்டோம் என்பது பாதுகாப்பான வார்த்தை என்று அவர் நினைத்தார். கொடுத்த வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆனால் மியூசியத்தில் யாரும் டிக்கெட் வாங்கலாம் என்பதை மறந்துவிட்டார்.

"அப்ப நல்லதாப்போச்சு ஷெட்ரே," என்றார் குலாபி. "ஆடி மழைக்கு ஊருக்கு வர்றேன். அங்கேயே பாத்துப் பேசி முடிவு பண்ணிக்கலாம்."

அந்தப் பெருமனைக்கும் தாராநாத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அவருக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த கதை அது. ஆடியில் ஒருநாள் வளாகத்து வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போது அவள் கவலை வேறாக இருந்தது. "அப்பா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் கொஞ்சம் கம்மியா பேசுங்க. அத்தை அமைதியான டைப்."

"நான் என்ன பேசப்போறேன்? வீடே பேசும்."

வீடு பேசியிருக்கும். அவர் இடம் கொடுத்தால்தானே.

முற்றத்தில் அவர் பேசியதெல்லாம் துல்லியம். நெல் எங்கே கொட்டுவார்கள், எங்கே அளப்பார்கள், காவல் நாயைக் கட்டுகிற கல் எது, மழை வந்தால் மூட்டையை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஹரிணாட்சிக்கே தெரியாத சங்கதிகள். அவள் குறித்துக்கூடக் கொண்டாள். வாசற்படி தாண்டியதும் முதல் உத்திரத்தில் நெற்றி இடித்தது.

"பாத்து அண்ணா," என்றாள் ஹரிணாட்சி.

"எங்க வீட்டுல எனக்கே பாத்து சொல்றியா?" என்று தேய்த்துக்கொண்டார். "இங்க கொண்டுவந்து பூட்டினப்ப இறக்கிட்டீங்க. முன்னாடி ஓராள் உசரம் இருந்துச்சு."

உள்கூடத்தில் செதுக்கு வேலை செய்த பெரிய கட்டில் கிடந்தது. தாராநாத் அதன் கைப்பிடியைத் தடவினார். "எங்கப்பா இதுல உக்காந்துதான் ஊருக்கே பஞ்சாயத்து பண்ணுவாரு. அவருக்கு அப்புறம் நான்தான் உக்காந்திருக்கணும். எல்லாத்தையும் விட்டுட்டு பம்பாய் போனேன்."

குலாபி கட்டிலை ஒருதரம் சுற்றிவந்தார். மெதுவாகக் கேட்டார். "அப்பாவா? மாமன் இல்லையா?"

தாராநாத் கட்டிலிலிருந்து கையை எடுத்தார். அந்த மண்ணில் பெருமனைகள் தாய்வழிச் சொத்து. கட்டிலில் உட்காருகிறவர் தாய்மாமன்; அவருக்குப் பிறகு மருமகன், அதாவது அக்காள் தங்கை பிள்ளை. அப்பா என்கிறவர் மனைவி வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளி. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். மும்பையில் நாற்பது வருடம் எல்லோரும் 'அப்பா சொத்து' என்று பேசிப் பேசி, இவருடைய பொய்யும் அந்த ஊர் வழக்கத்துக்கே மாறிவிட்டிருந்தது.

"மாமன்தான்," என்றார். "மாமன் இல்லாத நேரத்துல அப்பா."

"மாமன் எங்க போவாரு?"

"அவருக்கு... கோர்ட்டு, கேஸு."

"ஓ," என்றார் குலாபி. அந்த ஓவில் எத்தனை மூட்டை கொள்ளும் என்று தாராநாத்தால் அளக்க முடியவில்லை. சமிதா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஹரிணாட்சி நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அதில் ஷெட்டி எவரும் இல்லை. அன்றைக்கு அவள் செய்த பெரிய தர்மம் அது.

புரோகிதர் வீட்டில் தாராநாத் எதையும் அளக்கவில்லை. குமாஸ்தா வீட்டில் கடிகாரத்தைக்கூடத் தட்டிப் பார்க்கவில்லை. குலாபி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். "போதும் ஷெட்ரே, மழை வரும்போல இருக்கு. நான் போய் போன் பண்றேன்," என்றார். போன் பண்றேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாண வயதில் பிள்ளை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். சமிதாவின் முகம் செத்துவிட்டது.

அப்போதுதான் மழை வந்தது. அந்தக் கடற்கரை மழையைத் தூறல் என்று யாரும் தொடங்கிவைப்பதில்லை. எடுத்த எடுப்பிலேயே கொட்டும். கேண்டீனுக்கு ஓட முடியாதபடி நடுவில் வெள்ளம். பக்கத்தில் இருந்தது குத்தகைக்காரர் வீடு. மூவரும் ஓடினார்கள். ஹரிணாட்சி பின்னால் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக் கதவை அவள்தான் எப்போதும் திறந்துவிடுவாள். வருகிறவர்கள் தள்ளுவார்கள், இழுப்பார்கள், சாவி கேட்பார்கள். வெளியே பூட்டு, கொண்டி எதுவும் கிடையாது. கதவுக்கு வலப்பக்கம் மண்சுவரில், முழங்கால் உயரத்தில் ஒரு பொந்து. பார்த்தால் எலி வளை என்றுதான் தோன்றும். அதற்குள் தோள்வரை கையை விட்டு, உள்ளே கிடக்கிற மரக்கட்டையை முதலில் மேலே தூக்கி, அப்புறம் தன் பக்கம் இழுக்க வேண்டும்.

தாராநாத் ஓடிவந்த வேகத்தில் குனிந்தார். கை பொந்துக்குள் போனது. தூக்கியது. இழுத்தது. கதவு திறந்தது. தலையைத் தாழ்த்தி, எங்கேயும் இடித்துக்கொள்ளாமல் உள்ளே நுழைந்து, இருட்டில் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றார். அவர் விட்டு நகர்ந்த இடத்தில் அடுத்த நொடியே கூரையிலிருந்து சொட்டு விழத் தொடங்கியது.

தன் கை என்ன செய்தது என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. சட்டைத் தோளில் செம்மண் அப்பியிருந்தது.

"அப்பா," என்றாள் சமிதா. "இதைத் திறக்க உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

மழை இரைந்தது. எங்கவீட்டார் இனத்தில் ஓர் உருப்படி பதில் இல்லாமல் நின்றது சரித்திரத்தில் அதுவே முதல்முறை. அதைப் பார்த்த சரித்திர எம்.ஏ. குடையை மடக்கக்கூட மறந்து வாசலில் நனைந்துகொண்டிருந்தாள்.

குலாபிதான் பேசினார். பொந்தைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல. "எங்க வீட்டுல இது இடது பக்கம் இருந்துச்சு."

ஆறு வருடத்தில் அந்த வீட்டுக்குள் 'எங்க வீட்டுல' என்ற இரண்டு சொற்களும் அன்றைக்குத்தான் விழுந்தன.

தாராநாத் பொந்தின் பக்கம் திரும்பினார். "எங்களுக்கு வலது," என்றார். "அப்பா கூட நெல்லு சுமந்துக்கிட்டுப் பெருமனை முத்தம் வரைக்கும் போவேன். உள்ள போனது இன்னைக்குத்தான்."

"நெத்தியில இடிச்சப்பவே நினைச்சேன்," என்றார் குலாபி. "பெருமனைப் பொண்ணுன்னு நீங்க சொன்னதிலேருந்து எனக்குத் தூக்கம் இல்ல ஷெட்ரே. நம்ம வீட்டுக்கு வந்து என்னென்ன சொல்லிக் காட்டுவாளோ, மகன் தலை குனிஞ்சு நிப்பானோன்னு. இன்னைக்கு வந்ததே, வேண்டாம்னு நேர்ல சொல்லிட்டுப் போகத்தான்."

"இப்ப?" என்றாள் சமிதா.

"இப்ப என்ன? மழை விடட்டும். அப்பாவைக் கேண்டீனுக்குக் கூட்டிட்டுப் போ. சட்டையைத் துடைச்சுவிடு." திண்டாடிக்கொண்டிருந்த தாராநாத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதே மாதிரி ரெண்டு ரூம்தானா உங்களதும்?"

தாராநாத் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. இரண்டு கைகளும் அவரை அறியாமல் அகலமாக விரிந்தன.

"ரெண்டுதான். ஆனா எங்களது இதைவிடக் கொஞ்சம் பெருசு."

"எவ்வளவு பெருசு?"

"ஒரு ஆடு கட்டுற அளவுக்கு."

கல்யாணம் கார்த்திகையில் நடந்தது. சமிதாவும் நிகிலும் தானேயில் இருக்கிறார்கள். சம்பந்திகள் இருவரும் ஒவ்வொரு மழைக்கும் ஊருக்கு வருகிறார்கள். பெருமனைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நேராக மூலை வீட்டுக்குப் போய், சுற்றி நிற்கிறவர்கள் முன்னால் கதவைத் திறந்து காட்டிவிட்டு, சண்டை போடுகிறார்கள்.

"எங்க கூரை அஞ்சு எடத்துல ஒழுகும்," என்கிறார் தாராநாத்.

"அஞ்செல்லாம் ஒழுக்கா? எங்களுக்கு ஏழு."

"ஏழு சின்னச் சின்னது. எங்களது ஒவ்வொண்ணும் குடம் வெக்கணும்."

இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தில் இப்போதெல்லாம் யாராவது ஒருவர் முன்னால் வந்து, தங்கள் வீட்டில் கூரையே இருந்ததில்லை என்று ஆரம்பிக்கிறார்கள். மூலை வீட்டுக்கு இப்போது வரிசை நிற்கிறது. ஹரிணாட்சி கவலையோடு சொல்கிறாள்: "இனிமே இந்த ஜில்லாவுல பெருமனையே இருந்ததில்லன்னு ஆயிடும்போல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். ஆனால் அந்த ஒழுக்கு எண்ணிக்கையைப் படித்தபோது, மனசுக்குள் உங்கள் வீட்டுக் கூரையை ஒருதரம் நிமிர்ந்து பார்த்து எண்ணினீர்களே, அது எத்தனை என்று என்னிடம் சொல்ல வேண்டாம். என்னுடையதைவிடக் கம்மியாகத்தான் இருக்கும்.