ஐந்து ஊர்களுக்கு ஒரு சைரன்

எச்சரிக்கையாளர் என்றோர் இனம் நம்மிடையே வேகமாகப் பெருகி வருகிறது. மழைக்கு முன் தவளை கத்துமல்லவா? இவர்கள் அந்தத் தவளைக்கே தகவல் அனுப்புகிறவர்கள். உங்களுக்கு இவரை நிச்சயம் தெரியும். காலையில் ‘குடை எடுத்துச் செல்லவும்’ என்று செய்தி அனுப்பியவர் அவர்தான். அந்தக் குடையைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் அலைந்தவர் நீங்கள்தான்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மின்விசிறிக் கடையின் மேற்பார்வையாளர். உறவுக்காரர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சைரன். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவருடைய செல்போனில் ஐந்து வானிலை ஆப்கள் இருந்தன. ஒன்று இடி மாதிரி உறுமும், ஒன்று மணி அடிக்கும், ஒன்று குழந்தை மாதிரி வீரிடும். எது கத்தினாலும் சோற்றில் இருக்கும் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். மஞ்சள் எச்சரிக்கை என்றால் அவருக்கு இளக்காரம். “மஞ்சளா? அது தூறலுக்குப் போடறது.” ஆரஞ்சு என்றால் நிமிர்ந்து உட்காருவார். சிவப்பு என்றால் எழுந்து சட்டை போட்டுக்கொள்வார். ஏன் சட்டை? பொறுப்பு வந்துவிட்டதே!

“நான் குரூப்ல போட்டப்புறம்தான் டிவியிலேயே வந்துச்சு” என்று சொல்வதைவிடப் பெரிய இன்பம் அவருக்கு இந்த உலகத்தில் இல்லை. வேறு யாராவது முந்திக்கொண்டால், “இது பழசு, காலையிலேயே பாத்துட்டேன்” என்பார். புயல் வலுவிழந்தால் அவர் முகமும் வலுவிழந்துவிடும்.

எந்த ஆப்பிலும் இலவசச் சேவையில் ஐந்து ஊர்களுக்குத்தான் எச்சரிக்கை கிடைக்கும். அண்ணன் ஊர், மகள் ஊர், சம்பந்தி ஊர், முதலாளியின் மாமனார் ஊர், சொந்த ஊர் என்று கணக்குச் சரியாக இருந்தது. போன மாதம் மச்சினன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனான். ஒன்றை நீக்கினால்தான் இன்னொன்றைச் சேர்க்க முடியும். யாரை விடுவது? எல்லாரும் வேண்டியவர்கள். யோசித்துப் பார்த்துத் தன் ஊரையே நீக்கிவிட்டார். நம்ம ஊரைப் பார்க்கத்தான் ஜன்னல் இருக்கிறதே! அந்த ஜன்னலுக்கும், செல்போன் திரையில் வெளிச்சம் படுகிறது என்று கெட்டியாகத் திரை போட்டிருந்தார். அது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மனைவி வீட்டிலேயே லாண்டரி தொடங்கி, ஒரு லாட்ஜின் முதல் ஆர்டரைப் பிடித்திருந்தார். இது சுத்தமாகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுவதும் வேலை உங்களுக்குத்தான் என்று லாட்ஜ் மேனேஜர் சொல்லியிருந்தார். மாலையில் வேன் வரும். மொட்டைமாடி முழுக்க வெள்ளை விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன.

“ஏங்க, இன்னைக்கு மழை வருமா?”

“எந்த ஊர்ல?”

“ம்... நம்ம மொட்டைமாடியில!”

“வந்தா எனக்குத் தெரியாம வந்துடுமா?”

“சரி, நான் போய் பேக் பண்ற கவர் வாங்கிட்டு வந்துடறேன். மாடியில ஒரு கண்ணு வச்சுக்கங்க.”

“ஒரு கண்ணென்ன, அஞ்சு ஆப் வச்சிருக்கேன், போ!”

மனைவி தெரு திரும்புவதற்குள் செல்போன் வீரிட்டது. மச்சினன் ஊருக்கு ஆரஞ்சு. சைரன் நிமிர்ந்து உட்கார்ந்து போன் போட்டார்.

“மாப்ள, எங்க இருக்க?”

“பார்க்குல மாமா. பையன் பந்து விளையாடறான்.”

“பந்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடு. ஆரஞ்சு!”

“இங்க வெயில் மண்டையப் பொளக்குது மாமா.”

“வரும். ஒரு அரை மணி நேரம் குடு.” தவணை கேட்பவர் மாதிரி சொன்னார்.

“அது சரி, அங்க என்ன தடதடன்னு சத்தம்?”

“ஜன்னல் அடிச்சுக்குது. காத்து கொஞ்சம் பலமா இருக்கு. நீ பேச்சை மாத்தாத.”

“மாமா... உங்க ஊருக்குத்தான் சிவப்பு போட்டிருக்காங்க. அக்கா இருக்கற ஊராச்சேன்னு நானும் அந்தச் சேவையில சேந்திருந்தேன். அது அப்பவே வந்துடுச்சு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு சொல்லாம விட்டுட்டேன்.”

சைரனுக்கு நெஞ்சில் அடித்தது மாதிரி இருந்தது. புயல் வந்ததற்காக அல்ல, மச்சினன் முந்திவிட்டானே!

போனை வைத்தார். மாடிக்கு ஓடினார் என்றுதானே நினைக்கிறீர்கள்? சட்டை போட்டுக்கொண்டார். உட்கார்ந்து, மூன்று சிவப்பு வட்டங்கள் வைத்து, ‘சூறைக்காற்றுடன் கனமழை’ என்று தட்டி, ‘மொட்டைமாடியில் காயும் துணிகளை உடனே எடுக்கவும்’ என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்து, குடும்பக் குழுவுக்கும் தெருக் குழுவுக்கும் மின்விசிறிக் கடைக் குழுவுக்கும் அனுப்பினார். மனைவிக்குத் தனியாக இன்னொரு முறை அனுப்பினார். அதற்குப் பிறகுதான் படியேறினார்.

மேலிருந்து மனைவி இறங்கி வந்தார். பாதி வழியிலேயே திரும்பி ஓடிவந்து, நேராக மாடிக்குப் போயிருக்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் நாலைந்து விரிப்புகள்தான் மிச்சம். மற்றவை பக்கத்து மனையில், வீடு கட்டக் குழைத்து வைத்திருந்த சேற்றில் கிடந்தன. அவர் இடுப்பில் செருகியிருந்த செல்போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தார். நிதானமாக, கடைசி வரிவரை படித்தார்.

“இதை அடிக்கற நேரத்துல ரெண்டு தடவை மாடி ஏறி இறங்கியிருக்கலாம்ல?”

“எனக்கே இப்பதான் வந்துச்சு...”

“சட்டை போட மட்டும் நேரம் இருந்துச்சோ?”

மாலையில் வேன் வந்தது, காலியாகவே திரும்பியது. ஆர்டர் அடுத்த தெரு லாண்டரிக்குப் போனது. மச்சினன் ஊரில் அன்று ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆனால் தெருக் குழுவில் பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்னது அப்படியே பலித்திருந்தது. அதைக் கொண்டாடத்தான் அவருக்குக் கை ஒழியவில்லை. போட்ட சட்டையைக்கூடக் கழற்றாமல், சேற்று விரிப்புகளை அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். செல்போன் அலமாரி உச்சியில் சிறை வைக்கப்பட்டிருந்தது. அது உறுமும்போதெல்லாம் அவர் கை தானாக நிற்கும்.

“பிழிங்க” என்பார் மனைவி.

சிரித்தீர்களா? சிரிக்கும்போதே உங்களுக்கு ஒரு சித்தப்பாவோ, ஒரு மேனேஜரோ நினைவுக்கு வந்திருப்பார். இதை உடனே அவருக்கு அனுப்ப வேண்டும், வேறு யாரும் அனுப்புவதற்குள் அனுப்ப வேண்டும் என்று விரல் துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: இந்த நிமிஷம் உங்கள் வீட்டு மாடிக் கொடியில் என்ன காய்கிறது?

தெரியாதா? அப்படியானால் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்.