டிஸ்க் கழன்ற விவரம்

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் நலம் என்றும், என் மேலுள்ள கோபம் மட்டும் சற்று இளைத்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

புதன்கிழமை ரயில் நிலையத்தில் உங்களை இரண்டு பெட்டிகளோடு நிற்க வைத்தேன். நீங்களும் அடுத்த வண்டியிலேயே திரும்பிவிட்டீர்கள். அந்த நேரத்தில் நான் ஒரு வானொலி நிலையத்தின் மெஷின் அறையில் வெற்றி பெற்றுக்கொண்டிருந்தேன். போன முறை சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல கூட்டல் கழித்தல் போடறாரு" என்றீர்களே, அது முற்றிலும் உண்மை. ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ யாராவது திறந்து பிடித்தால் அதன் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும், விட்டால் ஒன்று கழிக்க வேண்டும், எல்லாம் பூஜ்யமானால்தான் டிஸ்க்கைக் கழற்றலாம். பாட்டும் செய்தியும் ஒலிபரப்ப நாங்கள் அந்த நிலையத்துக்கு விற்ற மெஷினோ, ஒருவரும் தொடாதபோதும் "உபயோகத்தில் உள்ளது" என்று டிஸ்க்கை விட மறுத்தது. தினமும் சாயங்காலம் அதை நகலெடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோக மெஷினையே அணைத்தார்கள், ஒலிபரப்பு ஊமையானது, கேட்பவர்கள் தங்கள் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்கள். புதனுக்குள் சரியாகாவிட்டால் மெஷினைத் திருப்பி அனுப்புவோம் என்றது நிலையம். கூடவே நீயும் கிளம்பலாம் என்றார் என் மேனேஜர்.

எங்கள் குழுவில் 'அவசரம்' என்று பட்டப்பெயர் கொண்ட ஒருவர் இருக்கிறார். "எதுக்குத் தேடிக்கிட்டு? கணக்க பூஜ்யமாக்கிட்டாப் போச்சு" என்றவர், ஆக்கியும் விட்டார். அப்போது ஒரு பாட்டு நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது இருந்த இடத்தைக் காலி என்று நினைத்து மெஷின் வேறொன்றுக்குக் கொடுக்க, சரணத்தின் நடுவில் வானிலை அறிக்கை புகுந்து, மெஷின் படுத்துவிட்டது. நான் மெஷினின் நிரலை வீட்டுக்குக் கொண்டுவந்து வரி வரியாகப் படித்தேன். "போதும், போய் அப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றாள் புதன்கிழமை உங்கள் மகள். இன்னும் ஒரே ஒரு பக்கம் என்றேன். அந்தப் பக்கத்தில்தான் அகப்பட்டது. ஃபைலின் பெயர் அளவுக்கு மீறி நீண்டால், 'முடியாது' என்று சொல்லிவிட்டு நிரல் பாதியில் திரும்புகிறது. ஃபைலைத் தேடும்போது ஃபோல்டருக்குக் கூட்டிய ஒன்றைக் கழிப்பதில்லை, அதனால் கணக்கு பூஜ்யமாவதே இல்லை. அவ்வளவு நீளமாக யார் பெயர் வைப்பார்கள் என்று நிலையத்துக்கு ஓடினால், செய்தி வாசிப்பவர் செய்தியின் முதல் இரண்டு வாக்கியங்களையும் பெயராக அடித்துக்கொண்டிருந்தார்.

"சின்னதா வைக்கலாமே சார்?"

"பேரப் பாத்தாலே செய்தி தெரியணும் தம்பி. ஏத்துக்கலன்னா திரும்பத் திரும்ப அடிப்பேன்."

ஒரே ஒரு வரி சேர்த்தேன், மாமா. கழித்தல். டெக்னீஷியன் பிடியை இழுத்ததும் ஆடிய பல் மாதிரி டிஸ்க் கையோடு வந்தது. அறையே கைதட்டியது. "டிஸ்க் வெற்றிகரமாகக் கழற்றப்பட்டது" என்று செய்தி வாசிப்பவர் தன் செய்திக் குரலிலேயே அறிவித்தார். மேனேஜர் என் தோளில் கை போட்டு "நம்ம ஆளு" என்றார். அப்போதுதான் மணி பார்த்தேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியில் அவசியம் வாருங்கள். நீங்கள் இறங்குமுன் நான் பிளாட்பாரத்தில் இருப்பேன், பெட்டிகள் என் தலையில் இருக்கும். அத்தைக்கு என் அன்பும் வணக்கமும்.

இப்படிக்கு,
கூட்டல் கழித்தலில் தேர்ந்த உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும்போது மேனேஜர் போன் செய்தார். டிஸ்க் இப்போது அவ்வளவு சுலபமாகக் கழல்வதால், யாரோ போகிற போக்கில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பழையபடி கழலாமல் இருக்க ஏதாவது செய்ய முடியுமா என்று நிலையத்தில் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டாக்சி பிடித்து வந்துவிடுங்கள், மாமா.