தலையாட்டியின் சயாம் பெண்டாட்டி

இருந்த இடத்தை விட்டு அசையாமல், கட்டின பெண்டாட்டியை ஒரே நாளில் வெளிநாட்டுக்காரி ஆக்கிக்கொண்டவன் இந்த உலகத்திலேயே எங்கள் பிரிக்பீல்ட்ஸ் தலையாட்டி ஒருத்தன்தான்.

ரயில்வே கொட்டகையில் இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற வேலை அவனுக்கு. எங்களிடம் வாய் ஓயாது. போலீஸோ ஐயரோ அதிகாரியோ எதிரே வந்தால் பேச்சு நின்றுபோய்த் தலை ஆரம்பித்துவிடும். இடமும் வலமும் ஊஞ்சலாடினால் "ஆமாம்" என்று அர்த்தம். தாலி கட்டும்போது ஆட்டிய வேகத்தில் மாலை பிய்ந்து ஐயர் மடியில் விழுந்ததை நானே பார்த்தேன்.

ஜப்பான்காரன் காலத்தில் அவன் பெண்டாட்டி தலைப்பிரசவத்துக்காகச் சுங்கைப் பட்டாணியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். முருகன் புண்ணியத்தில் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. அதற்குள் ஜப்பான்காரன் அந்த ஊர் இருக்கிற கெடா மாநிலத்தையே தூக்கிச் சயாமுக்குக் கொடுத்துவிட்டான். அவள் திரும்பி வர, புருஷன் இங்கே பாஸ் வாங்க வேண்டுமாம்.

"அண்ணே, அப்போ என் பொண்டாட்டி சயாம்காரியா?"

"ஆமாம்லா."

"புள்ள?"

"அவனும்தான்."

"ஐயையோ, எனக்குச் சயாம் பாஷை தெரியாதேண்ணே!"

நெற்றி நிறைய விபூதி பூசி, கையில் கல்யாணப் படத்தோடு அவனை ஜப்பான்காரன் ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். அதிகாரி கல்யாணப் படத்தைத் தட்டி, மலாயில் "பினி?" என்றான். உன் பெண்டாட்டியா என்று கேட்கிறான். தலையாட்டி ஆனந்தமாக ஆட்டினான். ஜப்பான்காரனுக்கோ அது "இல்லை". பெண்டாட்டியே இல்லாதவளுக்குப் பாஸ் எதற்கு என்று எங்களை விரட்டிவிட்டான்.

அன்று சாயங்காலம் தெருவே கூடிப் பயிற்சி கொடுத்தது. மரவள்ளிக் கிழங்கு தின்ற தெம்பில் என் வீட்டுக்காரி அவனுடைய இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள்.

"உலக்கை எப்படிப் போகும்? மேலே, கீழே! நீ அம்மி அரைக்கிறே!"

"அக்கா, காது வருதுக்கா!"

"காது போனா என்னடா, பொண்டாட்டி வருவால்ல!"

மறுபடி போனோம். "பினி?" மேலும் கீழும் ஆட்டினான். எனக்கு உயிர் வந்தது. அதிகாரிக்கு வேடிக்கையாகிவிட்டது. "காராங்?" என்றான். கோபக்காரியா என்று கேள்வி, காதுக்கு நம் காரம் மாதிரிதான். மேலும் கீழும். அடிப்பாளா? இன்னும் வேகமாக மேலும் கீழும். பக்கத்தில் நின்ற சிப்பாய் சிரித்துவிட்டான்.

"அப்படியானால் அவள் சயாமிலேயே இருக்கட்டுமா?"

பழக்கிவிட்ட தலை இறங்க ஆரம்பித்தது. "முருகா!" என்று நான் கத்தியே விட்டேன். தலையாட்டி இரண்டு கையாலும் தன் தாடையைப் பிடித்து நிறுத்தினான். அதிகாரி முன்னால் முதல் தடவையாக அவன் வாய் திறந்தது.

"ரிண்டு, துவான்! ரிண்டு!"

ஏக்கமாக இருக்கிறது ஐயா என்கிறான். சிப்பாயின் சிரிப்பு நின்றது. அதிகாரி தலையாட்டியின் முகத்தையே பார்த்தான். பிறகு மேசை அதிர முத்திரையைக் குத்தினான்.

ரயிலிலிருந்து இறங்கியவள், "ஒழுங்கா சாப்பிடாம என்ன கோலம் இது?" என்று ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டினாள். அவன் பரவசமாக நின்று கேட்டான். பிறகு பிள்ளையை வாங்கி என் கையில் வைத்தான்.

"பேரு நீங்கதான் வைக்கணும்ணே."

வேலாயுதம் என்று வைத்தேன். அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பிள்ளைக்கு முன்னால் அப்பன் ஓடி வந்து நிற்பான். இப்போதும் பூஜையில் அதைச் சொல்லும்போது, என் கண் ஒரு தரம் வாசல் பக்கம் போய்விட்டுத்தான் சுவாமியிடம் திரும்புகிறது.