டெலிகம்யூனிகேஷனுக்கு ஏழு மிதி

"டெ, லி, கம்!"

மூன்றாவது துண்டில் சௌந்தரராஜன் தன் தொண்ணூறு கிலோவையும் வலது காலில் இறக்கினார். அலமாரியில் டம்ளர்கள் ஆடின. "யூ, னி, கே, ஷன்" என்று மிச்சத்தை லேசாக மிதித்து முடித்ததும், கீழ்வீட்டிலிருந்து சீலிங்கை இடிக்கும் சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டார் கிதியோன்," என்றாள் மனைவி லலிதா. "தார்நாகாவுக்குக் குடிவந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள கீழ்வீட்டோட பகை!"

சனத்நகர் தொழிற்சாலையை மூடிய பிறகு சௌந்தரராஜனுக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி கால்சென்டர். வெள்ளிக்கிழமை குரல் தேர்வு. நீளமான சொல்லைத் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு மிதி, அழுத்தம் விழும் துண்டுக்குப் பலத்த மிதி என்பது பயிற்சியாளன் ஸ்ரீகாந்த் காட்டிய வழி.

"எந்தத் துண்டுல அழுத்தம்னு அந்தப் பையனையே கேளுங்களேன்."

"இருபது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன்டி நான்! நேத்துப் பொறந்தவன்கிட்ட கேக்கணுமா? மூணாவதுதான்."

பாயை விரித்து மிதித்தார். கீழே இடி பலத்தது. சமையலறைக்கு மாறினார். இடியும் கூடவே வந்தது. கட்டிலில் ஏறி மிதித்தார். பலகை முறிந்தது.

"நான்னா, ஆபண்டி ப்ளீஸ்!" என்று மகள் சுபாஸ்ரீ அப்பாவை நிறுத்தச் சொல்லித் தெலுங்கில் அழுதாள்.

வியாழக்கிழமை ஆத்திரத்தில் ஏழு மிதியையும் ஓங்கி மிதித்தார். கீழேயிருந்தும் ஏழு இடி. ஆறாவது இடியில் மொசைக் தரையே அதிர்ந்தது.

"பாத்தியா, எண்ணி எண்ணிப் பழி வாங்கறான்!"

வெள்ளிக்கிழமை தேர்வில் தோற்றார். "அழுத்தம் தப்பான இடத்துல விழுது. திங்கட்கிழமை இன்னொரு சான்ஸ், அவ்வளவுதான்," என்றார்கள்.

நேராகப் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார். ஒட்டடைக் கம்பும் கையுமாகக் கதவைத் திறந்தார் கிதியோன்.

"இடிச்சு இடிச்சே என் வேலையைக் கெடுத்துட்டீங்களே சார்! சத்தம் தாங்கலைன்னா மாடிக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூட்டுவலி சார், படி ஏற முடியல," என்றார் கிதியோன். "போலாரம் ஸ்கூல்ல முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன், சும்மா கேட்டுட்டு இருக்க முடியுதா? ஆறாவதுல மிதிங்க, ஆறாவதுல மிதிங்கன்னு ஒரு வாரமா கம்பால குத்திக் குத்திச் சொல்லித் தரேன், நீங்க என்னடான்னா பாயை விரிக்கிறீங்க!"