மிளகாய்க்கு மூட்டம் போட்ட கதை

ஞாயித்துக்கிழமை மச்சான் வர்றதுக்குள்ள பச்சை மிளகாயைப் பழுக்க வைக்கணும். அவ்வளவுதான் வேலை.

அப்போ பெருங்களத்தூர்ல வாடகை வீடு. பின்பக்கம் முழுக்க சிமெண்ட்டு. அதுல நாலு உடைஞ்ச தொட்டிய வெச்சு மிளகாய்ச் செடி போட்டிருந்தேன். என் சம்சாரத்தோட அண்ணன், கேளம்பாக்கத்துல நிலம் நீச்சோட இருக்கறவர், பார்த்துட்டுச் சிரிச்சார்.

"மாப்ள, சிமெண்ட்டுல செடி வெச்சா சிமெண்ட்டுதான் காய்க்கும்!"

ரோஷம் வந்துடுச்சு. "அடுத்த தடவை வாங்க மச்சான். நம்ம வீட்டுப் பழமிளகாய்ல ஊறுகாயே போட்டுத் தர்றேன்"னு சவால் விட்டேன். பார்த்து வயிறெரியணும் மனுஷன்!

காய்ச்சுது. நெஜமாவே கொத்துக் கொத்தா காய்ச்சுது. ஆனா சிவக்கறதுக்கு முன்னாடியே மழை வந்து செடியைச் சாய்ச்சுடுச்சு. ஒரு முறம் நிறைய பறிச்சேன். அத்தனையும் பச்சை.

ஸ்டேஷன் வாசல் வாழைப்பழக் கடைக்காரர்கிட்ட போனேன். "காயாப் பறிச்சதைப் பழுக்க வைக்கறது எப்படிண்ணா?"

"மூட்டம் போடு சார். பானையில அடுக்கு, உமியைக் கொளுத்தி பொகைய உள்ள வுட்டு இறுக்கி மூடிடு. ஒரே நாளு, தங்கமாட்டம் பழுத்துகினு வரும். ஆமா, இன்னா காய் சார்?"

"காய்தாண்ணா!"

மிளகாய்னு சொன்னா சிரிப்பாரே! புத்திசாலி இல்லையா நான்!

சனிக்கிழமை மூட்டம் போட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் திறந்தா, மிளகாய் பச்சைப் பசேல்னு அப்படியே இருக்கு.

"ஏங்க, விட்டுத் தொலைங்க. எங்கண்ணன் வர்ற நேரம்"னா சம்சாரம்.

"நீ சும்மா இரு. பொகை பத்தல."

ஒரு கை உமியையும் அடுப்புலேர்ந்து ரெண்டு கங்கையும் எடுத்துப் பானைக்குள்ளயே போட்டு விசிறினேன். விசிறின விசிறுல உமி பத்திக்கிச்சு. கூடவே மிளகாயும்!

ஐயய்யோ, அந்த நெடி!

தெருவே ஹவுஸ் ஓனர் வீட்டு டிவியில ஞாயித்துக்கிழமை படம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. மொத்தக் கூட்டமும் இருமிக்கிட்டே வெளிய ஓடி வந்துச்சு. எல்லார் கண்ணுலயும் தண்ணி. அன்னிக்குப் போட்டது காமெடிப் படம்.

"இன்னாம்மா பேஜாரு இது? வூட்டக் கொளுத்திட்டீங்களா?"ன்னு ஹவுஸ் ஓனர் அம்மா கத்தினாங்க.

நான் கையில விசிறியோட திருதிருன்னு முழிச்சேன். மானத்தைக் காப்பாத்தினது சம்சாரம்தான். "ஒண்ணுமில்லக்கா. இவருக்கு மிளகா சுத்தித் திருஷ்டி கழிச்சேன்."

அப்பாடா! கூட்டம் சமாதானமாச்சு. பார்த்தா, கூட்டத்துக்குப் பின்னாடி மூக்கைத் துண்டால பொத்திக்கிட்டு மச்சான்!

"திருஷ்டி இருந்தா மிளகா நெடியே ஏறாதேம்மா?" என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "இந்த ஏறு ஏறுதுன்னா, மாப்ள மேல ஊர்ல ஒருத்தன் கண்ணும் படலைன்னு அர்த்தம்!"

தெருவே இருமிக்கிட்டே சிரிச்சுது.

அந்த மனுஷன் கண்ணு படணும்னுதாங்க, மூணு மாசமா தண்ணி ஊத்தினேன்!