கேட்டது பத்தாயிரம், வந்தது இருபதாயிரம்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். என் வேலையும் நலம். அது நலமாக இருப்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கடல் தாண்டி ஒருவர் செய்கிற உதிரிபாகத்தை, அதை வைத்துப் பொருள் செய்கிறவர் கையில் உரிய நாளில் சேர்ப்பது எங்கள் கம்பெனியின் வேலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. நடுவில் ஓடுவது ஒரு எண் மட்டும்தான். உங்கள் கம்பெனி செய்யும் எடை இயந்திரங்களுக்கு எண் காட்டும் சின்னத் திரை ஐயாயிரம் போதும். பாதிதான் கிடைக்கும் என்று பயந்து பத்தாயிரம் கேட்டது நீங்கள். அது தெரியாமல், திரை செய்கிறவர்கள் வழக்கமாகப் பாதிதான் அனுப்புவார்கள் என்று இருபதாயிரமாக்கியது நான். அந்தப் பக்கம் புதிதாக வந்த அதிகாரியோ கேட்டதை அப்படியே அனுப்பிவிட்டார். இப்படி ஒரு நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

லாரி வந்தது. குடோன் நிரம்பி, நடைவழி நிரம்பி, முதலாளியின் அறை வாசலும் அடைபட்டது. அவர் உள்ளே இருந்தார்.

"யாரும்மா இவ்வளவு கேட்டது?" என்று பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சத்தம் போடாதீங்க சார், பெட்டி சரியுது" என்றார் குடோன் அண்ணன்.

என் தகுதிகாண் காலம் முடிய ஒன்பது நாள் இருந்தது. போனில் "வந்துருச்சு சித்தப்பா" என்று மட்டும்தான் சொன்னேன். அரை மணியில் வந்து நின்றீர்கள்.

"சார், தப்பு என்னோடது. அஞ்சாயிரம் போதும்னு தெரிஞ்சேதான் பத்தாயிரம் எழுதுனேன். பொண்ணு என்ன பண்ணும்?"

"தராசு செய்யுற கம்பெனிங்க நீங்க! உங்களுக்கே அளவு தெரியலியா?"

"தராசுக்குத் தெரியும் சார். எனக்குத்தான் பயம்."

பிறகு ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து, இந்தத் திரை கிடைக்காமல் வேலை நின்றுபோயிருந்த மூன்று தொழிற்சாலைகளைப் போனில் பிடித்தீர்கள். மூன்றும் உங்களுக்குப் போட்டிக் கம்பெனிகள். மாலைக்குள் வாசல் திறந்தது. முதலாளி வெளியே வந்து என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், "பொண்ணு இருக்கட்டும்" என்றார்.

நேரில் நன்றி சொன்னால் "அதெல்லாம் எதுக்குடி" என்று பேச்சை மாற்றுவீர்கள். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. நன்றி சித்தப்பா. இனி நாம் இருவரும் உள்ளதை உள்ளபடி எழுதுவோம்.

சித்திக்கு என் அன்பு. பெட்டி தூக்கிய இடுப்புக்கு ஓய்வு கொடுங்கள்.

என்றும் நன்றி மறவாத,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: அடுத்த மாதத்துக்கு ஆறாயிரம் என்று அனுப்பியிருந்தீர்கள். உங்களைத்தான் தெரியுமே என்று மூவாயிரமாக்கி அனுப்பிவிட்டேன். அடியில் "இது நிஜக் கணக்கு" என்று கோடிட்டு எழுதியிருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். புது அதிகாரியும் பாடம் படித்துவிட்டார், ஆயிரத்து ஐந்நூறுதான் வருகிறதாம். நாளைக் காலை உங்கள் முதலாளி முன்னால் நின்று "தப்பு என்னோடது" என்று சொல்வது என் முறை. தயவுசெய்து அப்போதாவது குறுக்கே பேசாதீர்கள்.